வளையத்துக்குள் ஒரு சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். மைதானத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை சரளை மண்ணின் மேல் இரண்டு கோடுகள்.

முந்தின மாலைதான் தரையை வாரிச் சமப்படுத்தியிருந்தார்கள். அதன்மேல் இரண்டு கோடுகளும் ஒரே இடைவெளி விட்டுக் கதவிலிருந்து வேப்பமரம் வரை நேராகப் போயின. மரத்தடியில் லேசாக வளைந்து, தரையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் வளையத்தைச் சுற்றிக்கொண்டு, அதற்கு முன்னால் போய் நின்றன. கோடுகளின் முடிவில் ஷமீமா தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஓர் இரும்புக் குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோடுகளைப் பார்த்தபடி இன்னொருவரும் நின்றார். லூர்து முசியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களை 'சொல்தா' என்போம். ஆண்டில் பாதியைப் பிரான்சில் மகள் வீட்டிலும் மீதியை இங்கேயும் கழிப்பவர். விமானத்திலிருந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஷமீமாவை அவர் பார்ப்பது அன்றுதான் முதல் முறை.

ஷமீமா கையை நாற்காலிக்கு வெளியே தொங்கவிட்டு, ஆட்டி, வீசினார். குண்டு தாழ்வாகப் போய்ச் சரளையில் ஒரு முறை குதித்து, உருண்டு, இலக்கான மரக்குண்டை ஒட்டி நின்றது. நாங்கள் கைதட்டினோம்.

"செல்லாது" என்றார் லூர்து முசியே.

கைதட்டல் நின்றது.

"என்னா முசியே செல்லாது?" என்றார் தணிகாசலம். மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது அரியாங்குப்பத்தில் வீடு. இரட்டையர் ஆட்டத்தில் ஷமீமாவுக்கு அவர்தான் ஜோடி. "ஒட்டிக்கினு நிக்குது பாருங்க."

"குண்டு ஒட்டிக்கிட்டுதான் நிக்குது. மதாம் எங்க நிக்கிறாங்க?"

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். சிவந்தது. "அந்தப் பொண்ணு எப்படி முசியே நிக்கும்? வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களே."

ஷமீமா கையை உயர்த்தினார். "இருங்கண்ணே. அவர் சொல்லி முடிக்கட்டும்."

அவர் சொல்லி முடித்ததை எழுதுவதற்கு முன், இந்த ஆட்டத்தைப் பற்றியும் ஷமீமா அங்கே வந்து சேர்ந்த விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

குனியாத ஆட்டம்

இந்தத் தொடரில் இதுவரை பத்திரிகை அலுவலகத்தின் செய்தி மேசையைச் சுற்றியே வந்துகொண்டிருந்தேன். அந்த மேசையை விட்டு எழுந்த பிறகு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. மருத்துவர் நடக்கச் சொன்னார். கடற்கரைச் சாலையில் சில வாரங்கள் நடந்தேன். எதிரே வருகிற எல்லோரும் நிறுத்தி என் காலை விசாரித்தார்கள். பெத்தாங் மைதானத்துக்கு மாறிவிட்டேன். அங்கே யாரும் அடுத்தவர் காலை விசாரிப்பதில்லை. அவரவர் இடுப்பைப் பற்றிப் பேசவே நேரம் போதாது.

பெத்தாங் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போன ஆட்டம். சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிவார்கள். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'குட்டி'. தரையில் போட்ட வளையத்துக்குள் நின்றபடி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். யாருடைய குண்டு குட்டிக்குக் கிட்டே இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளி முதலில் எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள். குட்டி ஆறு மீட்டருக்குக் குறையாமலும் பத்து மீட்டருக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். நன்றாகக் கோபப்படத் தெரிந்தால் போதும்.

வீசிய குண்டைத் திரும்ப எடுக்க மட்டும் குனிய வேண்டும். அதற்கும் வழி இருந்தது. மைதானத்தில் பாதிப் பேர் கையில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு காந்தம். தொங்கவிட்டால் 'டொக்' என்று குண்டு ஒட்டிக்கொள்ளும், இழுத்துக் கொள்ளலாம். பள்ளி ஆசிரியர், வங்கி மேலாளர், சொல்தா எல்லோரும் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல் குண்டு இறைத்துக்கொண்டு நிற்பார்கள். உடம்புக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டோம் என்று யாரும் நினைத்ததில்லை.

எனக்கும் ஒரு காந்தம் தேவைப்பட்டது. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் என்றார்கள். மின்சாதனக் கடை ஒன்றுக்குப் போனேன். அது ஷமீமாவின் அண்ணன் கடை. முல்லா வீதிப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக வியாபாரம். ஷமீமா பில் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"காந்தம் எதுக்கு சார்? மீன் பிடிக்கப் போறீங்களா?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டே ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்தார்.

"அப்போ குனியாமலே ஆடலாம்?"

"எங்கள்ல பாதிப் பேரால குனிய முடியாதும்மா."

"நடக்கணுமா?"

"நடப்பாங்க. நடந்துதான் ஆகணும்னு இல்ல."

காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "எத்தினி மணிக்கு ஆரம்பிப்பீங்க?" என்றார்.

கறுத்த கை

கல்லூரியில் படிக்கும்போது ஷமீமா த்ரோபால் ஆடியவர். படிப்பு முடிந்த அடுத்த ஆண்டு ஸ்கூட்டரில் போகும்போது விபத்து. முதுகெலும்பில் அடி. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு வீடு, ஆட்டோ, கடை, ஆட்டோ, வீடு. "சார், ஆறேழு வருஷமா என் மேல டியூப்லைட் வெளிச்சம்தான் விழுந்துச்சு" என்று ஒரு நாள் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை; பில் வாசிப்பது போல் சொன்னார்.

மைதானத்துக்கு வந்த இரண்டு மாதத்தில் அவர் கை கறுத்தது. வீட்டில் அம்மா மஞ்சளும் தயிரும் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். ஷமீமா கடிகாரத்தைக் கழற்றி, அந்த இடம் மட்டும் வெளுத்திருப்பதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் வெளியே வர ஆரம்பித்தவர் மாலையிலும் வந்தார். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை விடமாட்டார்கள். குறுக்கே இரும்புத் தடுப்பு வைத்துவிடுவார்கள். முதல் நாள் அங்கே காவலுக்கு நின்றவர் நாற்காலியைப் பார்த்துத் தயங்கினார்.

"வண்டி எதுவும் உள்ள போகக் கூடாதும்மா."

"சரி சார். அப்போ என்னைத் தூக்கி அந்தாண்ட உக்கார வெச்சிட்டு வண்டிய இங்க வெச்சுக்குங்க. டோக்கன் குடுத்துருங்க, வரும்போது வாங்கிக்கிறேன்."

அவர் தடுப்பை நகர்த்தினார். மறுநாளிலிருந்து ஷமீமாவைத் தூரத்தில் கண்டதுமே நகர்த்திவிட்டு, "டோக்கன் வேணுமா?" என்று கேட்பாராம்.

ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை இரட்டையர் பெத்தாங் போட்டி நடக்கும். எல்லா மைதானங்களிலிருந்தும் ஜோடிகள் வரும். ஷமீமாவுக்கு அதில் ஆட வேண்டும். குலுக்கலில் தன் பெயர் வர வேண்டும், எதிரே இருப்பவர்கள் ஆட வேண்டிய மாதிரி ஆட வேண்டும், புள்ளி எண்ணப்பட வேண்டும். வேறு எதையும் அவர் கேட்டதில்லை. லூர்து முசியே "செல்லாது" என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.

எந்தப் பாதி?

லூர்து முசியே செருப்பு நுனியால் வளையத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நிக்கிறவங்களுக்குக் கால் ரெண்டும் வளையத்துக்குள்ள இருக்கணும். நாற்காலியில ஆடுறவங்களுக்கு, வீசுற கைப் பக்கத்துச் சக்கரம் உள்ள இருக்கணும். ஒரு சக்கரம் போதும். அதான் விதி. மதாமோட சக்கரம் ரெண்டும் வளையத்துக்கு முன்னால நிக்குது. அலோர், அதனால செல்லாது."

நாற்காலிக்கு என்று ஒரு விதி இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த விதியெல்லாம் நாங்கள் சண்டை போட்டுக் கற்றவை. நாற்காலியைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை.

"எவ்ளோ முன்னால இருக்கேன்?" என்று கேட்டார் ஷமீமா.

லூர்து முசியே சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். "ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல."

ஷமீமா நாற்காலியைத் தணிகாசலத்தின் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, மொத நாளு நீங்கதானே சொன்னீங்க, இங்கயே நின்னுக்கலாம்னு?"

"சக்கரத்த ஏத்துனா வளையம் நகந்து நகந்து போவுது. உனக்கு எதுக்குச் செரமம்னு..."

"நீங்க குட்டி போட்டா ஆறு மீட்டரத் தாண்டாது. அதுவும் அதுக்குத்தானா?"

தணிகாசலம் குண்டைக் கை மாற்றினார்.

"அளக்காமலே எல்லாரும் 'தங்கச்சிதான் கிட்ட, தங்கச்சிதான் கிட்ட'ன்னு சொல்வீங்களே, அது?"

இதை அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். வேப்பமரத்தில் அன்று ஒன்றிரண்டு காக்கைகள் இருந்தன. நாங்கள் அவற்றைக் கவனித்தோம்.

"அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

"எல்லாம் இல்ல தங்கச்சி" என்றார் தணிகாசலம். "பாதி நீ நெஜமாவே ஜெயிச்சதுதான்."

"எந்தப் பாதி?"

நாங்கள் எதையும் அளந்து வைத்திருக்கவில்லை.

பத்திரிகையில் இருந்தவரை ஒரு பழக்கம் உண்டு: யாராவது பேச்சை நிறுத்திவிட்டால் அவர் கையைப் பார்ப்பேன். ஷமீமாவின் கை சக்கரத்தின் மேல் இருந்தது. கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சக்கரம் வளையத்தில் மோதி, வளையம் நழுவிப் போனது. மறுபடி மோதினார், மறுபடி நழுவியது.

"முசியே, இந்த வளையம்தான் இருக்கணுமா? மண்ணுல கோடு போட்டா ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கலாம். வளையம் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் கோடுதான் போட்டாங்க."

தரை வாரும் கட்டையின் பிடியால் மண்ணில் ஒரு வட்டம் கீறப்பட்டது. ஷமீமா அதன் மேல் ஏறி வலது சக்கரத்தை உள்ளே நிறுத்தினார். லூர்து முசியே குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஷமீமா வீசினார். குண்டு குட்டிக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்ததும் அங்கேதான். அதற்கு அடுத்ததும். மாதக்கணக்கில் அந்தக் கைக்கு நாங்கள் தப்பான தூரத்தைப் பழக்கியிருந்தோம்.

மூன்று மைதானம் தள்ளி

மறுநாளிலிருந்து ஷமீமா கடை திறப்பதற்கு முன் தினமும் வந்தார். தூரத்தைக் கூட்டினால் குறி தப்பியது. வேகமாக வீசினால் கை சக்கரத்தின் விளிம்பில் உரசி, விரல் முட்டிகள் தோலுரிந்தன. பேண்ட் எய்ட் போட்டுக்கொண்டு வீசினார். நாற்காலி பின்னால் நகர்ந்தது, பிரேக்கை இறுக்கினார். கடைசியில் அவரே ஒன்று கண்டுபிடித்தார். குட்டிக்கு நேராக உட்காராமல், நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி நிறுத்தினால் கை ஆட இடம் கிடைத்தது. அன்று போட்ட குண்டுகளில் இரண்டு குட்டியைத் தொட்டன.

லூர்து முசியே ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அவர் வேறு யாருக்கும்கூடச் சொன்னதில்லை. ஷமீமா கேட்டால் மட்டும் வந்து அளப்பார், சென்டிமீட்டரைச் சொல்வார், போய்விடுவார்.

"என்னை மதாம்னு கூப்பிடாதீங்க முசியே. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றார் ஷமீமா ஒரு நாள்.

"ஆடுறப்ப எல்லாரும் முசியே, இல்லன்னா மதாம்தான். தங்கச்சின்னு ஒரு பிரிவு கிடையாது."

அருகில் இருந்த தணிகாசலத்தின் காது சிவந்தது.

அவரும் தன் பங்குக்கு மாறினார். ஷமீமா அவரிடம், "இனிமே குட்டிய கிட்டப் போட்டீங்கன்னா நான் வேற ஜோடி பாத்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். அதனால் குட்டியைப் பத்து மீட்டருக்கு எறிய ஆரம்பித்தார். அவருடைய குண்டே அங்கே போய்ச் சேரவில்லை.

"என்னாண்ணே, மூணு மைதானம் தள்ளிப் போட்டுட்டீங்க?"

"நீதானம்மா கிட்டப் போடாதன்னே."

"நடுவுலன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

மூன்று நாள் கழித்து அவர் அந்த நடுவைக் கண்டுபிடித்தார்.

ஐந்தாவது பொன்னாடை

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். தொடக்க விழாவில் ஷமீமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் குண்டை அவர் கையால் வீசச் சொல்லி, போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார். அப்போது நான் அங்கே மிக்ஸி ஜார் மாற்ற வந்திருந்தேன்.

"பொன்னாடை என்கிட்ட ஏற்கெனவே நாலு இருக்குது சார்" என்றார் ஷமீமா. "மகளிர் தினத்துக்கு ரெண்டு, மாற்றுத் திறனாளி தினத்துக்கு ரெண்டு. அந்தா பாருங்க." கடைக்குள் கைகாட்டினார். விற்காமல் நின்ற பெரிய டிவி ஒன்று, தூசி படாமல் சரிகைப் பொன்னாடையால் மூடப்பட்டிருந்தது. "குலுக்கல்ல என் பேரு இருக்குதா?"

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "அது இல்லம்மா... எதிர்ல ஆடுறவங்களுக்கு ஒரு சங்கடம் பாருங்க. ஜெயிச்சாலும் ஒரு மாதிரி, தோத்தாலும் ஒரு மாதிரி."

"யாருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜாரைப் பார்த்தேன்.

அன்று மாலை விஷயம் லூர்து முசியேயிடம் போனது. அந்த ஆண்டு நடுவர் அவர்தான். அவர் குழுக்காரருக்குப் போன் செய்து பேசியதைத் தணிகாசலம் பக்கத்தில் நின்று கேட்டு வந்து, எங்களுக்கு நடித்துக் காட்டினார்: "விதி மொத்தமும் எனக்குத் தெரியும். சங்கடம்னு ஒரு விதி அதுல எங்கயும் இல்ல. பேரச் சேத்துடுங்க. மெர்சி."

பெயர் சேர்ந்தது.

அளவு

போட்டியன்று முதல் சுற்றில் ஷமீமா–தணிகாசலம் ஜோடிக்கு எதிரே கருவடிக்குப்பத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். இருவரும் கெட்டிக்காரர்கள். போன ஆண்டு அரையிறுதி வரை வந்தவர்கள். நாற்காலியைப் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஒரு பணிவு வந்தது. குட்டி எறிந்த முதல் மூன்று முறையும் அவர்கள் குண்டுகள் அதைத் தாண்டித் தாண்டிப் போய் விழுந்தன. ஐந்துக்குப் பூஜ்யம்.

ஷமீமா அடுத்த குண்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னாங்கண்ணே, வூட்ல சாப்பாடு போடலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த குண்டில், குட்டியை ஒட்டி நின்ற ஷமீமாவின் குண்டை நேராக அடித்துத் தூக்கி எறிந்தார். இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் சாலை வரை கேட்டிருக்கும். அடித்த பிறகு அவரே பயந்துபோய் ஷமீமாவைப் பார்த்தார்.

"ம், இப்படி ஆடுங்க" என்றார் ஷமீமா.

அதன் பிறகு யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. ஐந்துக்கு நாலு, ஏழுக்கு எட்டு, பத்துக்குப் பத்து. வெயில் ஏறியது. தணிகாசலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். இரண்டு முறை அவர் நல்ல குண்டு போட்டார், ஒரு முறை மோசமாகப் போட்டார். மோசமானதற்கு ஷமீமா திட்டியது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

கடைசி முறை குட்டி எட்டு மீட்டரில் கிடந்தது. அண்ணனின் குண்டு அதற்கு வலப்பக்கம், கிட்டத்தில். எல்லோர் குண்டும் தீர்ந்து, ஷமீமாவிடம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. சக்கரத்தை வட்டத்துக்குள் சரிபார்த்தார். நாற்காலியைச் சாய்வாகத் திருப்பினார். துப்பட்டா நுனியை இடுப்பில் செருகினார். வீசினார்.

குண்டு உருண்டு போய்க் குட்டிக்கு இடப்பக்கம் நின்றது. கண்ணால் பார்த்து எது கிட்டே என்று சொல்ல முடியாது. ஆனாலும் கூட்டத்தில் பலர் சொன்னார்கள்.

"தங்கச்சிதான் கிட்ட!"

லூர்து முசியே யாரையும் பார்க்கவில்லை. டேப்பை எடுத்தார். மண்டியிட்டார், அவருக்கு அது லேசான காரியம் இல்லை. இடப்பக்கம் அளந்தார். வலப்பக்கம் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மறுபடி அளந்தார். ஷமீமா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"விட்டுக் குடுங்க முசியே, அரை சென்டிமீட்டர் இருக்குமா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"யாருங்க அது?" என்றார் ஷமீமா, டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் அந்தாண்ட கூட்டிக்கினு போங்க அவர."

லூர்து முசியே எழுந்து நின்று, கருவடிக்குப்பத்து ஜோடியின் பக்கம் கையைக் காட்டினார். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.

முதல் சுற்றில் தோற்றவர்களுக்கான ஆட்டங்கள் பதினொரு மணிக்குத் தொடங்கின. ஷமீமாவுக்கும் தணிகாசலத்துக்கும் மூன்றாவது களம்.